கடலோரத்து வீடும் அண்டை வீட்டார் ஹக்கும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகிறேன்.



அல்லாஹு தஆலா நமக்கு அருளியிருக்கும் பெரும் நிஃமத்துகளில் வீடும் ஒன்று. மனிதர்களின் வீடுகளை அவர்கள் அமைதி பெறும் இடமாகத் தானே ஆக்கித் தந்திருப்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) அவன் எடுத்துக் காட்டுகின்றான். ஆகவே சொந்த வீடு வேண்டும் என்று ஒரு முஃமின் ஆசைப்படுவது உலக மோகம் ஆகாது. நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், சுகமான வாகனம் ஆகிய நான்கும் மனிதனுடைய பாக்கியத்தைச் சேர்ந்தவை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது இப்னு ஹிப்பானில் வருகிறது. இந்த நான்கில் வீட்டின் பக்கத்திலேயே அண்டை வீட்டாரும் எண்ணப்பட்டிருப்பதைச் சற்றுக் கவனியுங்கள். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற நம் கடலோர ஊர்களில் பழைய தெரு ஒன்றில் வீடு வாங்குவது என்பது பலருக்கு வாழ்நாள் கனவு. கப்பலிலும் கடையிலும், கொழும்பிலும் சிங்கப்பூரிலும், பின்னர் அரபு நாடுகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள், ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தெருவில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். பள்ளிவாசல் பக்கம், சொந்தபந்தம் பக்கம், அஸருக்குப் பின் கடற்காற்று. ஆசை நியாயமானதே. ஆனால் அந்த வீட்டைச் சுற்றி யாருடைய ஹக்குகள் இருக்கின்றன என்று பார்த்து வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

எந்தக் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு, மேற்கே பொதுப் பாதை, கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு. நாம் விலை கொடுப்பது நடுவில் உள்ள இடத்துக்கு மட்டும்தான். ஆனால் அந்த நான்கு எல்லையிலும் உள்ள மனிதர்களுக்கும், பாதைக்கும், கடற்கரைக்கும் நாம் பொறுப்பாளிகளாகி விடுகிறோம். பணம் கொடுத்ததோடு வியாபாரம் முடிகிறது. ஹக்கு அன்றுதான் ஆரம்பமாகிறது.

வீட்டுக்கு முன் அண்டை வீட்டார்

அரபு மக்களிடையே, வீட்டைப் பார்ப்பதற்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று ஒரு வழக்கு உண்டு. இதற்கு நம் உலமாக்கள் திருமறையிலிருந்தே ஒரு நுட்பம் சொல்வார்கள். ஃபிர்அவ்னின் மனைவியார் ஆசியா அம்மையார் அவர்கள், தமக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு கட்டித் தரும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்ததை அத்தஹ்ரீம் அத்தியாயம் (66:11) கூறுகிறது. அந்த துஆவின் சொல்லமைப்பில், வீடு என்பதற்கு முன்பே, உன்னிடத்தில் என்ற சொல் வந்துவிடுகிறது. அரண்மனையில் வாழ்ந்த அம்மையார், முதலில் அண்மையைக் கேட்டார்கள். பிறகுதான் வீட்டைக் கேட்டார்கள்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாமல் உபதேசம் செய்து கொண்டேயிருந்ததால், அவருக்கும் சொத்தில் வாரிசுப் பங்கு கொடுக்கச் சொல்லி விடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. எவனுடைய தீங்கிலிருந்து அவனுடைய அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியவில்லையோ அவன் முஃமின் அல்லன் என்று மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. தொழுகையையோ நோன்பையோ பற்றி அல்ல, பக்கத்து வீட்டைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொன்னார்கள் என்றால், வீடு வாங்கும்போது நாம் தரகரிடம் கேட்கும் கேள்விகளில் இது முதலாவதாக இருக்க வேண்டாமா?

பங்காளியைக் கேட்காமல் விற்கலாமா?

பழைய தெருவில் உள்ள வீடு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இராது. பெத்தும்மா காலத்து வீடு, வாரிசுகள் பலர், பாகம் பிரிக்கப்படவில்லை. ஒருவர் ஊரில் இருப்பார். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். ஒரு சகோதரி வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பார். வாங்க வருபவர் கையில் ரொக்கம் இருக்கிறது. மூத்த காக்கா பேசி முடித்துவிடுகிறார். சகோதரியிடம், கையெழுத்துப் போடு, உனக்கு வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தப் பிறகு வருவதேயில்லை.

பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில், அது குறைவானாலும் நிறைவானாலும், ஆண்களுக்குப் பங்கிருப்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் (4:7) அறுதியிட்டுச் சொல்கிறது. வெட்கத்துக்காகவோ பயத்துக்காகவோ போட்ட கையெழுத்து பதிவு அலுவலகத்தில் செல்லும்; அல்லாஹ்விடத்தில் செல்லுமா? அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவனுக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்று ஸயீது இப்னு ஸைது (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், விற்பவருக்கு மட்டுமல்ல, தெரிந்து வாங்குபவருக்கும் எச்சரிக்கையாகும். வாங்குபவர் வில்லங்கச் சான்று பார்ப்பது போல, ஒவ்வொரு வாரிசையும், குறிப்பாகப் பெண் வாரிசுகளை, நேரில் கண்டு மனம் ஒப்பித்தான் விற்கிறார்களா என்று கேட்டறிவது கடமையாகும். நிலம் வக்ஃபு செய்யப்பட்டதா என்பதையும் விசாரித்துவிட வேண்டும். வக்ஃபு விற்பனைக்குரியது அல்ல.

பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்காளி தம் பாகத்தை விற்க நாடினால், முதலில் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார், இல்லையேல் விட்டுவிடுவார் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றுவிட்டால், அதே விலையைக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளும் உரிமை பங்காளிக்கு உண்டு. இதற்குத்தான் ஷுஃப்ஆ என்று பெயர். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஷுஃப்ஆ உரிமை பங்காளிக்கு மட்டுமே. ஹனஃபி மத்ஹபிலோ பங்காளிக்கும், பாதை முதலியவற்றில் கூட்டுள்ளவருக்கும், அவர்களுக்குப் பின் ஒட்டிய வீட்டுக்காரருக்கும் அவ்வுரிமை உண்டு. 1870-ல் சென்னை உயர்நீதிமன்றம், ஷுஃப்ஆ சென்னை மாகாணத்தின் சட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இங்கே பங்காளியின் ஹக்கைக் காப்பது விற்பவரின் தக்வாதான்.

அந்தத் தக்வா எப்படி இருந்தது என்பதற்குப் புகாரியில் வரும் ஒரு சம்பவம் போதும். நாயகம் (ஸல்) அவர்களால் உரிமை விடப்பட்டவரான அபூராஃபிஃ (ரலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஃது அவர்களிடம் வந்து கேட்டார்கள். ஸஃது முதலில் மறுத்தார்கள். பக்கத்தில் இருந்த மிஸ்வர் (ரலி) அவர்கள் வற்புறுத்தவே, நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர முடியாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள். அபூராஃபிஃ அவர்களுக்கோ வெளியில் 500 தீனார் கொடுக்க ஆள் இருந்தது. தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டாலே அது ஐயாயிரம் திர்ஹம். ஆயினும், அருகாமையினால் அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்று சொல்லி, ஸஃது அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஆயிரம் திர்ஹம் குறைவு, அதிலும் தவணை. அவர்களை நீதிமன்றமும் கட்டாயப்படுத்தவில்லை, காஜியும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்ட ஒரு ஹதீஸ் கட்டாயப்படுத்தியது. இன்று பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்காக அந்த இடத்தைப் பல வருடமாக எதிர்பார்த்திருக்கிறார் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல் இரவோடு இரவாக அச்சாரம் வாங்குகிறவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

குறையை மறைத்தால் பரக்கத் போய்விடும்

கடலோர வீட்டுக்கென்று சில குறைகள் உண்டு. உப்புக் காற்றினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை பெயர்ந்து விழும். சுவரில் உவர் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வீடுகளில் தண்ணீர் நின்றுவிடும். கிணற்று நீர் கோடையில் உப்புக் கரிக்கும். விற்பவர் என்ன செய்கிறார்? பெயர்ந்த இடத்தைப் பூசி, வர்ணம் அடித்து, சித்திரை மாதத்தில் வீட்டைக் காட்டுகிறார்!

ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் துடைத்தெறியப்படும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். நனைந்த தானியத்துக்கே இப்படியென்றால், பிள்ளைகள் உறங்கும் கூரையின் வெடிப்பை மறைப்பவர் என்ன பதில் சொல்வார்?

கடலோரத்து ஊர் ஒன்றின் கதை

திருமறையில் ஒரு கடலோர ஊரைப் பற்றி வருகிறது. அல்அஃராஃப் அத்தியாயம் (7:163) அதைக் கூறுகிறது. சனிக்கிழமை மீன்பிடிக்கக் கூடாது என்பது அவ்வூராருக்கு இட்ட கட்டளை. சோதனையாக, அந்த நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்தில் துள்ளிவரும். வெள்ளிக்கிழமையே வலையையும் பள்ளத்தையும் ஆயத்தம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொண்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் கட்டளையை மறுக்கவில்லை, தந்திரத்தால் கடந்தார்கள். அல்லாஹ்வின் பிடி அவர்கள் மீது இறங்கியது.

நம் வீட்டு விவகாரத்திலும் இப்படி ஒரு வலை விரித்திருக்கிறோம். அதன் பெயர் ஒத்தி. ஒருவர் வீட்டுக்காரருக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து, மூன்று வருடம் வாடகையின்றிக் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் ஐந்து லட்சத்தையும் முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அந்த வீட்டின் மாத வாடகை ஆறாயிரம் என்று வைத்தால், 36 மாதத்துக்கு 2,16,000 ரூபாய் ஆகிறது. கொடுத்த கடன் குறையாமல் கைக்கு வந்தபின், மேலதிகமாகக் கிடைத்த இந்தப் பலனுக்கு என்ன பெயர்? கடன் கொடுத்ததற்காக நிபந்தனையிட்டுப் பெறும் பலன் வட்டிதான் என்பது நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒத்துக்கொண்ட சட்டம். வங்கிப் பக்கமே போகாதவர் என்று பெயரெடுத்தவரும், ஒத்தி வீட்டில் இருந்துகொண்டு வட்டியைக் கண்டிக்கிறார்!

இதற்கு மாற்று கடினமன்று. அந்த வீட்டுக்கு ஊரில் நடப்பிலுள்ள வாடகையை நிர்ணயித்து மாதாமாதம் கொடுத்துவிடுவது. முன்பணம் வாங்கினால், அதற்காக வாடகையைக் குறைக்காமல் இருப்பது. வீட்டுக்காரருக்குப் பணமுடையென்றால், கொடுக்கிற பணத்தையே வரப்போகும் மாதங்களின் வாடகையாகக் கழித்துக்கொள்வது. வாங்குவதற்கும் அப்படியே. தவணையில் விற்கலாம், விலையை முன்பே முடிவு செய்துகொள்ளலாம், எழுதி வைத்துச் சாட்சிகள் ஏற்படுத்த வேண்டும் என்பதற்கு அல்பகறாவின் கடன் வசனமே (2:282) வழிகாட்டி. அபூராஃபிஃ அவர்கள் விற்றதும் தவணையில்தான் அல்லவா? வட்டி வாங்குபவரும், கொடுப்பவரும், எழுதுபவரும், சாட்சிகளும் சாபத்துக்குரியவர்கள் என்ற முஸ்லிமின் ஹதீஸை அறிந்தபின், தெருவின் கௌரவத்துக்காக வட்டிக் கடனில் வீடு வாங்குகிறவர், அண்டை வீட்டாரிடம் மதிப்பைத் தேடி அல்லாஹ்விடம் மதிப்பை இழக்கிறார்.

மகளுக்கு வீடு

இந்த வட்டிக்கும் அவசரத்துக்கும் பின்னால் பல வேளைகளில் ஒரு வாப்பாவின் கண்ணீர் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வது நெடுநாளைய வழக்கம். இதில் நன்மை இல்லாமலில்லை. பெண் தன் உம்மாவின் நிழலில் இருக்கிறாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது. வாப்பா மனமுவந்து, வசதிக்கேற்பத் தருவதை மார்க்கம் தடுக்கவில்லை. பிள்ளைகளிடையே நீதமாக நடக்க வேண்டும் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் வலியுறுத்துவதை மட்டும் மறந்துவிடலாகாது.

ஆனால் வழக்கம் நிபந்தனையாக மாறும்போது அது அநியாயம் ஆகிறது. வீடு இருந்தால்தான் நிக்காஹ், அதுவும் இன்ன தெருவில் இருந்தால்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். அதனால் அந்தத் தெருவின் விலை ஏறுகிறது. மூன்று பெண்களைப் பெற்றவர் அறுபது வயதிலும் பாலைவனத்தில் உழைக்கிறார். வீடு அமையாத வீட்டில் பெண்கள் வயதேறிக் காத்திருக்கிறார்கள். மணப்பெண்ணுக்கு மஹர் கொடுப்பது ஆணின் மீது கடமை என்கிறது திருமறை (4:4). தாங்கள் குடியிருக்கும் இடத்தில், தங்கள் வசதிக்கேற்ப அவர்களைக் குடியமர்த்துமாறு கூறும் அத்தலாக் அத்தியாயத்தின் வசனம் (65:6) இத்தாவில் இருக்கும் பெண்களைப் பற்றியது. அதிலிருந்தே மனைவிக்கு இருப்பிடம் தருவது கணவன் மீது கடமை என்று ஃபுகஹாக்கள் சட்டம் எடுத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டியவர் கேட்டு வாங்குகிறார். பெற வேண்டியவள் வீட்டார் கடன்பட்டுக் கொடுக்கிறார்கள். மகனைப் பெற்ற தாய்மார்களே! இந்த நிபந்தனையை முதலில் கைவிடக்கூடியவர்கள் நீங்கள்தான்.

காற்றும் கிணறும் முடுக்கும்

வாங்கியாயிற்று, குடியும் வந்தாயிற்று. பழைய வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்புகிறோம். பின்னால் இருக்கும் வீட்டுக்குக் காலங்காலமாக வந்துகொண்டிருந்த கடற்காற்று நின்றுவிடுகிறது. அண்டை வீட்டாரின் அனுமதியின்றிக் கட்டடத்தை உயர்த்தி அவருடைய காற்றைத் தடுக்கலாகாது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று முஹத்திஸ்கள் கூறியுள்ளார்கள். ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அண்டை வீட்டாரின் ஹக்குகளைச் சொல்லும்போது அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். தம் இடத்தில் வழக்கப்படி கட்டிக்கொள்ள ஒருவருக்குச் சட்டத்தில் உரிமை இருக்கலாம். என்றாலும், கட்டுவதற்கு முன் பின்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஜன்னலையும் மாடிப்படியையும் அவர்களுடைய முற்றம் தெரியாதபடி அமைப்பது முஃமினின் பண்பு. தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது நபிமொழி வகுத்த பொது விதியன்றோ?

கிணற்றையும் எண்ணிப் பாருங்கள். கடலோர மணலில் மழைநீர், கனத்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலிருந்து உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும் என்பது நீரியலாரின் கணக்கு. ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் இரவும் பகலும் இறைத்தால், தெரு முழுவதும் உள்ள கிணறுகள் உப்பாகிவிடக்கூடும். மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் வழி வந்தோர், பிறர் கிணற்றைக் கெடுக்கலாமா?

காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீடு விட்டு வீடு போய்வர, வீடுகளுக்கிடையே முடுக்கு என்னும் சந்துகளை முன்னோர் விட்டுவைத்தார்கள். அதில் கழிவுநீர்க் குழாயை இறக்குவதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை நகர்த்துவதும் மேலே சொன்ன ஒரு சாண் நிலத்தின் கணக்கில் சேரும்.

நம் ஊர்களை ஒட்டி மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. அவர்களும் நம் அண்டை வீட்டாரே. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று திர்மிதியில் காண்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு உணவும் தங்க இடமும் தந்து உதவினார்கள். அண்டை வீட்டார் ஹக்கு என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சிறந்த பயான் வேண்டுமா?

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தொழுகையிலும் நோன்பிலும் தர்மத்திலும் பெயர்பெற்ற ஒரு பெண், நாவினால் அண்டை வீட்டாரை நோகடித்ததால் நரகவாசி என்று சொல்லப்பட்டார். உபரி வணக்கம் குறைவாக இருந்தும், பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தர்மம் செய்து, யாரையும் நோகடிக்காத மற்றொரு பெண் சுவர்க்கவாசி என்று சொல்லப்பட்டார். இது முஸ்னது அஹ்மதில் உள்ளது. யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) நாயகி கேட்டபோது, எவருடைய வாசல் உனக்கு நெருக்கமோ அவருக்கு என்று பதில் கிடைத்தது.

கடற்கரை யாருடையது?

நான்காவது எல்லை கடற்கரை. வீட்டுக்கு முன்னுள்ள மணலில் முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு சுவர், பிறகு ஒரு கொட்டகை என்று நகர்வதை எங்கும் காண்கிறோம். அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிப் என்னும் ஊரிலுள்ள உப்பளத்தைத் தமக்கு அளிக்குமாறு கேட்க, நாயகம் (ஸல்) அவர்களும் அளித்துவிட்டார்கள். அது வற்றாத நீரைப் போன்றது, எவரும் எடுத்துக்கொள்ளக் கூடியது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இது வருகிறது. மக்கள் யாவரும் பயன்கொள்வதை ஒருவர் தமக்கென அடைத்துக்கொள்ளலாகாது என்ற சட்டம் இதிலிருந்து கிடைக்கிறது. ஆற்றின் ஓரத்தில் பொதுமக்களுக்குரிய எல்லையில், பள்ளிவாசலே ஆனாலும் கட்டக் கூடாது, கட்டினால் இடிக்கப்பட வேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசலுக்கே இந்நிலை என்றால் நம் கார் ஷெட்டுக்கு என்ன நிலை?

நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1991-ல் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அது 2011-லும் 2019-லும் மாற்றியமைக்கப்பட்டது. ஏற்கெனவே வீடுகள் நிறைந்த நகரப் பகுதியில், முன்பே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். வாங்குமுன் இதை விசாரித்துவிட வேண்டும்.

கடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த பெரும் துறைமுகம். வண்டல் படிந்து கடல் விலகிவிட்டது, துறைமுகம் போய்விட்டது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நீரில் மூழ்கி இறக்கும் முஃமின் ஷஹீதின் நன்மையைப் பெறுகிறார் என்ற நபிமொழி நமக்கு ஆறுதல். ஆனால் தடுப்பில்லாத மாடியில் உறங்குபவரும், கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்பவரும் பாதுகாப்புப் பொறுப்பை இழந்துவிட்டார்கள் என்ற நபிமொழி நமக்கு எச்சரிக்கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும். தக்வாவின் மீது அடித்தளமிட்டவனையும், இடிந்து விழும் கரையோரத்தில் அடித்தளமிட்டவனையும் அத்தவ்பா அத்தியாயம் (9:109) ஒப்பிட்டுக் கேட்கிறது. அது நயவஞ்சகரின் கட்டடத்தைப் பற்றி இறங்கிய வசனம். கடன், வட்டி, பங்காளியின் கண்ணீர், பொதுநிலம் ஆகியவற்றின் மீது எழுப்பிய வீடும், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், இடியும் கரையில் எழுப்பிய வீடே.

தெரு கிடைக்காதவர்களுக்கு

அந்தத் தெருவில் இடம் கிடைக்கவில்லையே என்று ஏங்குபவர்களுக்கு ஒரு சுபச்செய்தி. பனூஸலமா கூட்டத்தார் தொலைவில் வசித்தார்கள். பள்ளிவாசல் அருகில் இடம் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, இருக்கும் வீடுகளிலேயே இருக்கச் சொல்லி, அவர்கள் நடந்து வரும் காலடிகள் எழுதப்படுகின்றன என்று ஆறுதல் கூறினார்கள். ஊரின் கோடியில், ஹலாலான காசில், சிறியதொரு வீட்டில் வாழ்ந்து, பஜ்ருக்கு நடந்து வருகிறவர் இழந்தது ஒன்றுமில்லை.

நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று எப்படி அறிவது எனக் கேட்டவரிடம், உன் அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அறிந்துகொள் என்ற கருத்தில் பதில் அருளினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே வீடு வாங்குவோரும், வாங்கியிருப்போரும் இன்றே பத்திரத்தை எடுத்து நான்கு எல்லையையும் ஒருமுறை படியுங்கள். அங்கே எழுதியிருக்கும் பெயர்களுக்கு நம்மிடம் ஏதேனும் பாக்கி இருந்தால், பட்டோலை கையில் தரப்படும் நாள் வருமுன் தீர்த்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை ஹலாலான செல்வத்தில் அமைத்து, அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவாயாக! வீடில்லாதோருக்கு வீட்டையும், மணமாகாத பெண்மக்களுக்கு நல்வாழ்வையும், கடன்பட்டோருக்கு விடுதலையும் தந்தருள்வாயாக! எங்கள் கடற்கரை ஊர்களையும் அவற்றில் வாழும் எல்லா மக்களையும் உன் காவலில் வைப்பாயாக! ஆசியா அம்மையார் கேட்ட அந்த அண்மையையும் அந்த வீட்டையும் எங்களுக்கும் நசீபாக்கி வைப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.